வழுக்கி விழுந்த பிறகு: இன்சூரன்ஸ் க்ளைமா, வழக்கா?

கடைத் தரையிலோ அலுவலகப் படியிலோ வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டவரிடம் பாதிப் பேர் "சும்மா விடாதே, கேஸ் போடு" என்பார்கள், மீதிப் பேர் "கோர்ட்டுக்கு யார் அலையறது, இன்சூரன்ஸில் வர்றதை வாங்கிக்கோ" என்பார்கள். உண்மையில் வழிகள் மூன்று: சொந்த பாலிசியில் க்ளைம் போடுவது, இடத்துக்காரரின் பொறுப்புக் காப்பீட்டில் (தன் இடத்தில் அடிபடுகிறவர்களுக்கு ஈடு கொடுக்க அவர் எடுத்து வைத்திருப்பது) நேரடியாகக் கேட்பது, வக்கீல் வைத்து வழக்குக்குப் போவது. எதில் போகலாம் என்பதைக் காயத்தின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. தரை ஏன் வழுக்கியது, எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தது என்று உங்களால் காட்ட முடியுமா? முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

சொந்த பாலிசிதான் சுலபமான வழி. தப்பு யார் மேல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ரிப்போர்ட் கொடுத்தால் பாலிசி விதிப்படி பணம் வரும். ஆனால் மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவோடு நின்றுவிடும். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமோ பட்ட வலிக்கான ஈடோ அதில் வராது. தனிநபர் விபத்து பாலிசி வேறு கணக்கு, பெரும்பாலும் மரணம், ஊனம் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், சுளுக்கெல்லாம் அதில் இருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நாளைக்கு இடத்துக்காரரிடமிருந்து நஷ்டஈடு வாங்கினால், தான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் உரிமை பல நாடுகளில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. இரண்டு பக்கமும் முழுசாக வாங்கலாம் என்று கணக்குப் போட்டு வைக்காதீர்கள்.

இடத்துக்காரரின் காப்பீட்டில் நேரடியாகக் கேட்டால் சம்பள இழப்பும் வலியும் பேச்சுக்கு வரும், வக்கீல் ஃபீஸும் மிச்சம். சிக்கல் என்னவென்றால், எதிரே அன்பாகப் பேசுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள். "இப்போ எப்படி இருக்கீங்க?" என்பார், நீங்கள் வாய்ப்பழக்கத்தில் "பரவாயில்லைங்க" என்பீர்கள், அது பதிவாகும். அப்புறம் சீக்கிரமே ஒரு தொகை சொல்வார்கள், கூடவே ஒரு தாள், அதில் 'முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற மாதிரி ஒரு வரி. கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து முதுகுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். சிகிச்சை ஒரு முடிவுக்கு வராமல் அந்தத் தாளைத் தொடாதீர்கள், எவ்வளவு பணமுடை என்றாலும்.

வழக்கு எப்படித் திரும்பும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வாழைப்பழத் தோல் வழக்குகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஒருவர் ரயில் நிலையத்தில் தோலில் வழுக்கி விழுகிறார். 1901-ல் வந்த தீர்ப்பில் விழுந்தவர் தோற்றார், ஏனென்றால் ரயிலிலிருந்து இறங்கிய யாரோ ஒரு நிமிடம் முன்னால்கூட அதைப் போட்டிருக்கலாம், அதற்கு ரயில்வே என்ன செய்யும்? 1911-ல் வந்ததில் விழுந்த பெண் ஜெயித்தார். அந்தத் தோல் காய்ந்து, கறுத்து, மண் ஒட்டி, பலர் மிதித்து நசுங்கிக் கிடந்தது, அப்படியென்றால் வெகுநேரமாக ஊழியர் யாரும் அதை எடுக்கவில்லை. ஒரே தோல்தான், நிறம்தான் வேறு. அதனால் விழுந்த இடத்தைப் படம் எடுப்பதென்றால் அடிபட்ட காலை மட்டும் எடுக்காதீர்கள், தரையையும் எடுங்கள்: தண்ணீரில் செருப்புத் தடம் இருக்கிறதா, ஓரம் காய்ந்திருக்கிறதா, எச்சரிக்கைப் பலகை எங்கே நிற்கிறது. சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள், பல இடங்களில் சில வாரத்திலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். விழும்போது போட்டிருந்த செருப்பையும் கழுவாமல் எடுத்து வையுங்கள். தேய்ந்த செருப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லத்தான் போகிறது.

உங்கள் பங்குத் தவறும் கணக்கில் வரும். போனைப் பார்த்துக்கொண்டு நடந்ததற்கு 30 சதவீதம் என்று நீதிமன்றம் வைத்தால், பல நாடுகளில் 100-க்கு 70 கிடைக்கும். மேரிலாந்து, அலபாமா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் சிறு தவறுகூட மொத்தத்தையும் அடித்துவிடலாம். நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயத்துக்கு அரசுத் திட்டமே ஈடு கொடுக்கிறது, அங்கே நஷ்டஈட்டுக்கு வழக்கு என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. வக்கீல் கூலியும் இடத்துக்கு இடம் மாறும்: அமெரிக்காவில் ஜெயித்தால் பங்கு என்பது வழக்கம், இந்தியாவில் அப்படிப் பங்கு பேசுவது வக்கீல்களுக்குத் தடை.

என்னைக் கேட்டால், சுளுக்கு, சிராய்ப்பு என்றால் சொந்த பாலிசியோ நேரடிப் பேச்சோ போதும், வழக்கு வாய்தாவுக்குப் போய் வரும் செலவுக்கே கட்டாது. எலும்பு முறிவு, தலையடி, முதுகு, அல்லது வேலையைப் பாதிக்கிற எதுவானாலும், நேரடியாகப் பேச ஆரம்பிக்கும் முன்பே வக்கீலைப் பார்ப்பது நல்லது. கையெழுத்துக்குப் பிறகு போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் காலக்கெடு. பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று அது பொதுவாகக் காத்திருக்காது. இங்கிலாந்தில் வழக்குப் போட 3 வருடம், கலிஃபோர்னியாவில் 2, இந்திய நுகர்வோர் ஆணையத்தில் 2. விழுந்தது அரசுக்குச் சொந்தமான இடமென்றால் இன்னும் குறுகலாம். கலிஃபோர்னியாவில் 6 மாதத்துக்குள் அந்த அரசு அமைப்பிடம் எழுத்தில் கோர வேண்டும், நியூயார்க் நகர நிர்வாகத்துக்கு 90 நாளுக்குள். நடைபாதையில் விழுந்தவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த நடைபாதை யாருடையது என்பதைத்தான்.