பழைய மானிட்டரைப் பழுதுபார்ப்பதா, புதியதை வாங்குவதா?

பல ஆண்டுகள் உழைத்த என் 22 அங்குல மானிட்டர், பொத்தானை அழுத்தியதும் இரண்டு விநாடி ஒளிர்ந்து இருண்டுபோகத் தொடங்கியபோது, புதியதை வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு மனம் மாறி, அதைத் திறந்து பழுதுபார்த்தேன். ஆகவே இந்த ஒப்பீடு பழுதுபார்ப்பின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எந்த வழியில் இறங்கும் முன்பும், குறை மானிட்டரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கேபிளை மாற்றிப் பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. அதைவிட நம்பகமான சோதனை, மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பார்ப்பது. அந்த மெனுவை வரைவது மானிட்டர். கணினிக்கு அதில் பங்கில்லை. படம் சிதறும்போதும் மெனு மட்டும் தெளிவாகத் தெரிந்தால் கேபிளையோ கிராபிக்ஸ் கார்டையோ சந்தேகிக்கலாம். மெனுவும் அதேபோல் சிதறினால் குறை மானிட்டருக்குள்தான்.

புதிய மானிட்டரின் நன்மைகளை விரித்துரைக்கத் தேவையில்லை. உத்தரவாதம் உண்டு, மின்செலவு குறைவு, பேனல், அதாவது படம் தோன்றும் திரைப் பகுதி, ஐபிஎஸ் வகையாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. பழைய கணினியில் விஜிஏ என்ற பழைய வகைத் திரை இணைப்பு மட்டுமே இருந்தால் தனியாக ஒரு மாற்றி வேண்டியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழுதுபார்ப்பதா, புதியதை வாங்குவதா என்பதை மானிட்டரின் வயதோ விலையோ தீர்மானிப்பதில்லை. குறை உள்ளே மின்சாரம் வழங்கும் பவர் போர்டில் இருக்கிறதா, பேனலில் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. திரை இருண்டிருக்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைத் திரையின் மீது சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது, கறுப்புக்குள் புதைந்ததுபோல டெஸ்க்டாப் ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தன. பேனல் படத்தை வரைந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி மட்டும் இல்லை. பேனல் பிழைத்திருக்கிறது என்பதற்கு அதுவே போதுமான சான்று.

மூடியைக் கழற்றியதும் பவர் போர்டில் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. மின்னைத் தேக்கிவைக்கும், விரல்நுனி அளவுள்ள ஆறு கெபாசிட்டர்களில் இரண்டின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தது. ஒன்றின் மேல் பழுப்பு நிறப் பொருக்கு படிந்திருந்தது. இவ்வாறு கெட்ட கெபாசிட்டரால், பின்னொளி எரியத் தொடங்கி மின்சுமை ஏறும்போது மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்க முடியாது. உடனே பாதுகாப்புச் சுற்று ஒளியைத் துண்டித்துவிடும். பின்னொளியாகக் குழல் விளக்கு உள்ள பழைய மாடல்களில் ஒரு விளக்கு கெட்டாலும் இதே அறிகுறி தோன்றும் என்பதால், உப்பிய கெபாசிட்டரைக் கண்ணால் பார்த்த பிறகே சால்டரிங் வேலையைத் தொடங்குவது நல்லது.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு அதேயாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். உள்தடை குறைந்த வகையாகவும், 85 டிகிரிக்கு மாறாக 105 டிகிரி வெப்பம் தாங்குவதாகவும் பார்த்து வாங்க வேண்டும். இயங்கும் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுக் கணக்கு. உள்ளே காற்றோட்டமே இல்லாத மானிட்டரில் இந்த 20 டிகிரி வேறுபாடு சிறியதன்று. உடலில் பட்டையிட்ட பக்கம் எதிர்முனை (மைனஸ்). அதைத் திருப்பிப் பொருத்தினால் புதிய கெபாசிட்டர் வெடிக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதே போர்டில் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய பெரிய கெபாசிட்டர் ஒன்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்து அளந்து, அது வடிந்துவிட்டதை உறுதி செய்யாமல் போர்டைத் தொடக் கூடாது. இதில் பழக்கமில்லாதவர்கள் போர்டை மட்டும் கழற்றித் தெரிந்தவரிடம் கொடுக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். கழற்றுவதிலேயே ஆபத்து இருக்கிறது. மானிட்டரை அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.

மேலிருந்து கீழாக மாறாத செங்குத்துக் கோடு ஓடினாலோ, கண்ணாடிக்குள் மை சிந்தியதுபோல் கறை பரவியிருந்தாலோ கதையே வேறு. பேனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புப் படலம் விட்டுப்போனால் அந்தக் கோடு வரும். சட்டத்தை அழுத்தினால் சிறிது நேரம் மறைந்து, விட்டதும் திரும்பிவிடும். அதைச் சால்டரிங் செய்து ஒட்ட இயலாது. என் இன்னொரு மானிட்டரில் அந்தக் கோடு வந்தபோது, அதைத் திறக்காமலேயே புதியதை வாங்கினேன்.

பழுதுபார்த்த மானிட்டர் எட்டு மாதங்களாகக் குறையின்றி ஓடுகிறது. நீண்டகால உழைப்பைப் பற்றிச் சொல்ல இந்தக் காலம் போதாது. பின்னொளியே கெட்டால் அதன் எல்இடி பட்டையை மாற்ற வேண்டியிருக்கும். அதை நான் ஒரே முறைதான் செய்திருக்கிறேன். பேனலின் அடுக்குகளைப் பிரித்துத் திரும்பச் சேர்த்தபோது உள்ளே ஒரு தூசு சிக்கிக்கொண்டது. வெள்ளைப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது இன்னும் கண்ணில் படுகிறது.