மேலே ஒட்டியிருப்பது ‘250’, உள்ளே இருப்பது வேறு: சிறிய மிக் வெல்டிங் மெஷின் வாங்குவோர் கவனத்திற்கு

புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய பழைய பேரிங், ஸ்பார்க் பிளக், பைக் செயின் ஆகியவற்றைக் கொண்டு ஓய்வு நேரத்தில் பறவை உருவங்கள் செய்து வருகிறேன். ராடு வைத்துப் பற்றவைத்தால் 1 மி.மீ. தகடு ஓட்டை விழுந்துவிடுகிறது என்பதால், கம்பி தானாக வரும் சிறிய மிக் மெஷின் ஒன்றை 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். “கேஸ் சிலிண்டரே வேண்டாம் சார், ஃபிளக்ஸ் கம்பி போட்டாப் போதும். 250 ஆம்பியர், வீட்டு பிளக்கிலேயே ஓடும்” என்றார் கடைக்காரர். பற்றவைக்கும் இடத்தைக் காற்றுப் படாமல் காக்கும் கேஸின் வேலையை, உள்ளே மருந்து அடைத்த ஃபிளக்ஸ் கம்பியே செய்துவிடும் என்பது அதன் பொருள். நான் நம்பினேன்.

முதல் நாளே கேழ்வரகைக் கொட்டியது போலத் தகடு முழுவதும் பொறிகள் தெறித்து ஒட்டிக்கொண்டன. ஆந்தையின் சிறகில் ஒட்டிய இறகு, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் அடியில் உருகிய தடமே இல்லாமல் கழன்று விழுந்தது. கடையில் கேட்டபோது முதலில் என் கைப்பழக்கத்தைக் குறை சொன்னார்கள். மறுமுறை கம்பி சரியில்லை என்று சொல்லி இன்னொரு 1 கிலோ சுருளை விற்றார்கள். அதையும் வாங்கி வந்தேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், “தம்பி, இதுல பிளஸ் மைனஸ் மாத்துற இடமே இல்லையே” என்றார். கேஸ் இல்லாமல் ஓட்டும் ஃபிளக்ஸ் கம்பிக்கு டார்ச் (கம்பி வெளிவரும் கைப்பிடி) மைனஸிலும், எர்த் கிளாம்ப் (தகட்டைக் கவ்வும் பிடி) பிளஸிலும் இருக்க வேண்டும். கேஸுடன் ஓட்டும் சாதாரணக் கம்பிக்கு இது தலைகீழ். என் மெஷினில் டார்ச் பிளஸிலேயே நிரந்தரமாக முடுக்கப்பட்டிருந்தது. அதாவது கேஸுக்காகச் செய்த மெஷினை, கேஸ் வேண்டாம் என்று சொல்லி என்னிடம் தள்ளியிருக்கிறார்கள். கம்பியைத் தள்ளும் ரோலரும் சாதாரணக் கம்பிக்கான வழவழப்பான வி பள்ளம் கொண்டதே. ஃபிளக்ஸ் கம்பி உள்ளே மருந்து அடைத்த மெல்லிய குழாய் என்பதால், அதற்குச் சொரசொரப்பான ரோலர் வேண்டும். வழுக்குகிறதே என்று நான் திருகை இறுக்க இறுக்க, கம்பி நசுங்கி ரோலருக்கு அருகில் சிக்குப்பிடித்த நூல்கண்டாகச் சுருண்டது.

அந்த 250 என்ற எண்ணுக்கு வருவோம். மிக் வெல்டிங்கில் 250 ஆம்பியருக்கு நியமப்படி 26.5 வோல்ட் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 6,600 வாட்டுக்கு மேல். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கோ 230 வோல்ட்டில் 3,680 வாட்டுக்கு மேல் தராது; மெஷினுக்குள் வீணாவதையும் கழித்தால் ஏறத்தாழ 140 ஆம்பியர்தான் மிஞ்சும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் அண்ணன் பார்த்தபோது, முழுதாகத் திருகியும் 118தான் காட்டியது. பொழுதுபோக்கு வேலைக்கு 118 தாராளம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இல்லாததை இருப்பதாக ஒட்டி விற்றதுதான் வருத்தம்.

ஆகவே, ஸ்டிக்கரைப் பார்க்காமல், மெஷினின் பின்புறம் உள்ள விவரத் தகட்டைப் படியுங்கள். 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அங்கே எழுதிய ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடமே ஓட்டலாம் என்று பொருள். என் மெஷினில் அப்படி ஒரு தகடே இல்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் பக்கக் கதவைத் திறந்து, முனை மாற்றும் இடத்தையும் ரோலரையும் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பற்றவைக்கப்போகும் தகட்டைக் கொண்டுபோய், அதில் அங்கேயே ஓட்டிக் காட்டவும் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் கடைக்கு அனுப்பிய பிறகே பேச்சின் தொனி மாறியது. இரண்டு கம்பிச் சுருள்களின் விலையைப் பிடித்துக்கொண்டு, 24ஆம் நாள் மீதியைக் கொடுத்தார்கள். சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது, எர்த் கிளாம்பில் நான் சுற்றிய சிவப்பு டேப்போடு அதே மெஷின் கடையின் முன்வரிசையில் இருந்தது. 250 ஸ்டிக்கர் மட்டும் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது.