ஹாங்காங்கில் ஒரு நாள்: ஸ்டார் ஃபெர்ரிக்கு முழு மார்க், பீக் டிராமுக்குப் பாதிதான்

ஹாங்காங்கில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறதென்றால் டூர் பஸ்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் தினமும் ஏறுகிற படகும் டிராமும் போதும். முதல் வேலையாக ஆக்டோபஸ் கார்டு (முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் பயண அட்டை) வாங்கிவிடுங்கள். பஸ்ஸிலும் டிராமிலும் மீதிச் சில்லறை தரமாட்டார்கள், நோட்டைப் போட்டால் போனதுதான்.

காலையில் சிம் ஷா சூயி துறையில் ஸ்டார் ஃபெர்ரி, துறைமுகத்தைக் கடக்கும் பயணிகள் படகு. 1888இல் டோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சிக்காரர் தொடங்கிய சேவை. கட்டணம் பத்து ஹாங்காங் டாலரைத் தொடாது. அக்கரையில் இருக்கும் சென்ட்ரலுக்கும் வான் சாய்க்கும் தனித்தனிப் படகு, தனித்தனி வாசல், பலகையைப் பார்த்து நுழையுங்கள். மேல்தளம், கீழ்தளம் என்பதையும் வாசலிலேயே முடிவு செய்ய வேண்டும். கீழ்தளத்தில் கொஞ்சம் காசு மிச்சம், ஆனால் இன்ஜின் சத்தமும் டீசல் வாடையும் கூடவே வரும். படகின் இரு முனையும் ஒரே மாதிரி, அக்கரையில் திரும்பாமல் அப்படியே கிளம்பிவிடும். அதனால்தான் மர இருக்கையின் சாய்மானம் இரண்டு பக்கமும் சாய்கிறது. போகும் திசை பார்த்துத் தள்ளிவிட்டு உட்காருங்கள். கரை நெருங்கும்போது மாலுமி கொக்கிக் கம்பால் கயிற்றை வாங்கி மாட்டுவதைக் கவனியுங்கள். பத்தே நிமிடப் பயணம்!

சென்ட்ரலில் இறங்கி கார்டன் ரோடு வரை நடந்தால், விக்டோரியா பீக் மலைமேல் ஏறும் பீக் டிராமின் நிலையம். 2022இல் வந்த புதுப் பெட்டிகளில் 210 பேர் ஏறலாம், இருந்தும் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் வரிசை நீளும். காலையிலேயே ஏறுங்கள், வலப்பக்க இருக்கை பிடியுங்கள். டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் ஸ்கை டெரஸ் 428 என்ற காட்சி மாடம் தேவையில்லை. மலைமேலேயே இருக்கும் லுகார்ட் ரோட்டில் கால் மணி நேரம் நடந்தால் அதே துறைமுகக் காட்சி இலவசம், ஏற்றமும் இல்லை. இறங்க 15ஆம் எண் பஸ், மாடியில் முன்சீட். மார்ச், ஏப்ரலில் மலைமேல் மூடுபனி கட்டிவிடும், எதிரே இருக்கும் கட்டடமே தெரியாது. வானிலை மையத்தின் கேமரா படத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

மதியத்துக்குத் தெருவில் ஓடும் சாதாரண டிராம். 1904இலிருந்து ஓடுகிறது. பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் காசு. பெரும்பாலானவற்றில் ஏ.சி. கிடையாது. நார்த் பாயின்ட் என்று எழுதியதில் ஏறினால், கடைசியில் சுன் யுங் தெருச் சந்தைக்குள்ளேயே புகுந்து போகும். காய்கறிக் கடைக்காரர்கள் மணிச் சத்தம் கேட்டு ஒதுங்கி வழிவிடுவார்கள்.

இரவு எட்டு மணி லேசர் ஷோ சுமார்தான். அதற்கு முன்பே ஃபெர்ரியில் சிம் ஷா சூயிக்குத் திரும்பிவந்து மணிக்கூண்டுப் பக்கம் நில்லுங்கள், அக்கரை விளக்குகளே போதும். புயல் எச்சரிக்கை 8ஆம் எண் ஏற்றினால் ஃபெர்ரியும் டிராமும் நின்றுவிடும். அன்று இந்தத் திட்டமே கிடையாது.