அரசு மருத்துவமனையில் ஹெபடைடிஸ் சி சிகிச்சை: பெரியப்பாவுடன் ஆறு மாதம்

கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் பெரியப்பாவுக்குக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்தது. 1994இல் வயிற்று அறுவையின்போது அவருக்கு இரத்தம் ஏற்றியிருந்தார்கள். இரத்த வங்கிகளில் இந்த வைரசுக்கான சோதனை 2001இல்தான் கட்டாயமாக்கப்பட்டது என்பதால், தொற்று அப்போதே வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், சென்னையின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் அவர் பெற்ற சிகிச்சையை உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மருத்துவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் சோதனை ஆன்டிபாடியை, அதாவது வைரசுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை, மட்டுமே காட்டும் என்பதையும், வைரஸ் இப்போதும் உடலில் உள்ளதா என்பதற்கு இரத்தத்தில் உள்ள வைரசின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு சோதனை வேண்டும் என்பதையும் இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இதயத்துக்கு அமியோடரோன் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று இருமுறை கேட்ட பிறகே சோஃபோஸ்புவிர், டக்ளட்டஸ்விர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை எழுதிக்கொடுத்தார். மாதம் ஒருமுறை 28 மாத்திரைகள் கொண்ட டப்பாக்கள். மூன்று தடவையில் 84 நாள் சிகிச்சை முடிந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

குறையெல்லாம் வரிசையில்தான். வைரல் லோடு முடிவு வரப் பதினெட்டு நாள் ஆனது. அதைவிட, நெரிசலான நடையில் நின்றுகொண்டு "ஹெபடைடிஸ் கேஸ் யாரு?" என்று ஊழியர் உரக்கக் கேட்டபோது பெரியப்பா கை தூக்காமல் தலை குனிந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை, டோக்கன் எண்ணைச் சொல்லி அழைத்திருக்கலாம்.

பெரியம்மா தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துவந்தார். அதற்கு ஒரு சென்னைக் கதை உண்டு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்த புளூம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் பி வைரசின் அடையாளம் மறைந்ததாக 1988இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிற்கால ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. பெரியப்பாவுக்கு இருந்ததோ சி வகை. மருத்துவர் கடிந்துகொள்ளாமல், சிகிச்சை முடியும்வரை நிறுத்திவைக்கச் சொன்னார்.

வீட்டார் அனைவருக்கும் பி, சி இரண்டுக்கும் சோதித்தார்கள், எவருக்கும் தொற்றில்லை. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. பி வகைக்கு உண்டு என்பதால் நான் வெளியே பணம் கொடுத்து, முதல் ஊசிக்குப் பின் ஒன்றாம் மாதமும் ஆறாம் மாதமுமாக மூன்று தவணையும் போட்டுக்கொண்டேன்.

மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த சோதனையில் வைரஸ் இல்லை. ஆனால் ஆன்டிபாடி குணமான பிறகும் இரத்தத்தில் தங்கிவிடும் என்பதை எழுத்தில் யாரும் தரவில்லை. கண் மருத்துவமனையில் மறுபடி "பாசிட்டிவ்" என்று வந்து பெரியப்பா கலங்கிப்போனார். பையில் இருந்த வைரல் லோடு அறிக்கையைக் காட்டிய பிறகே அறுவைக்கு நாள் குறித்தார்கள்.