டிராம்போன், யூஃபோனியம், டியூபா மவுத்பீஸ்கள்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவந்தவை

பித்தளை ஊதுகருவிகளில் உதட்டை வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸ் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது ரிம் (உதடு படும் விளிம்பு) விட்டம். மாதக்கணக்கில் ஊதும்போது தொல்லை கொடுப்பதோ பெரும்பாலும் ஷாங்க், அதாவது கருவிக்குள் செருகும் தண்டு.

டெனர் டிராம்போனுக்குச் சிறியது, பெரியது என்று இரண்டு ஷாங்க் அளவுகள். 0.547 அங்குல போர் (குழாயின் உள்விட்டம்) உள்ளவற்றுக்கும் பாஸ் டிராம்போனுக்கும் பெரியதுதான். யூஃபோனியத்தில்தான் குழப்பம்: யமாஹா 321 மாடலுக்குச் சிறிய ஷாங்க், 642-க்குப் பெரியது, பழைய பெஸன் யூஃபோனியங்கள் பலவற்றுக்கு இடைப்பட்ட அளவு ஒன்று வேண்டும். பொருத்தமான ஷாங்க் ரிசீவருக்குள் (கருவியில் அதைச் செருகும் குழாய்வாய்) சுமார் 25 மி.மீ. இறங்கும். லேசாகச் செருகி, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஷாங்கின் கூம்புச் சரிவு ரிசீவரோடு ஒத்துவரவில்லை என்று பொருள். அதில் ஸ்வரங்கள் தெளிவாக நிற்காது, ஆக்டேவுகள் ஒன்றோடொன்று சேராது. ட்யூனிங் ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் அது தீராது. ஷாங்க் அளவை மாற்றும் அடாப்டர் தற்காலிகத்துக்கு மட்டும்.

எண்களை நம்பி வாங்குவதும் ஆபத்து. பாக் நிறுவன மவுத்பீஸ்களில் எண் குறையக் குறைய ரிம் பெரிதாகும். ஷில்கியிலும் யமாஹாவிலும் நேர்மாறு. பாக் ரிம் விட்டங்கள்: 12சி 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4, 5ஜி 25.5, 1½ஜி 27. நடுவில் உள்ள இரண்டுக்கும் 0.1 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் 5ஜி-யின் கப் (ரிம்முக்குள் உள்ள குழிவு) ஆழம் கூடுதல் என்பதால் நாதம் கனமாக வருகிறது. யூஃபோனியத்தில் 12சி போட்டால் ஒலி மெலிந்து டிராம்போன் வாடை அடிக்கும். அங்கே ஷில்கி 51டி நன்றாக உட்காரும். தொடங்குபவருக்கு 6½ஏஎல் போதும். கீழ் ஸ்வரம் வரவில்லை என்று உடனே பெரிய ரிம்முக்குத் தாவினால் மேல் ஸ்தாயியில் உதடு சீக்கிரம் களைத்துவிடும். அந்தக் குறை பெரும்பாலும் மூச்சில் இருக்கிறது.

டியூபாவில் பாக் 18 (32.5 மி.மீ.) கிண்ண வடிவக் கப், ஸ்வரத் தொடக்கம் தெளிவு. ஹெல்லெபெர்க் மாடல் புனல் வடிவம், ஒலி அகன்று இருண்டு வரும், காற்றும் அதிகம் கேட்கும்.

புது மவுத்பீஸ் முதல் பத்து நிமிடம் எப்போதுமே அருமையாகத் தோன்றும், அதை நம்ப வேண்டாம். இரண்டு வாரம் அதிலேயே ஊதி, கீழ், நடு, மேல் ஸ்வரங்களை ட்யூனரில் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் உதட்டில் எரிச்சல் வரலாம். மறுமுலாம் பூச வேண்டும். வெள்ளியே ஒவ்வாதவர்களுக்குத் தங்க முலாம். கீழே விழுந்து ஷாங்க் நுனி நசுங்கினால் காற்று சீராகப் போகாது, பழுதுபார்ப்பவர் கூம்புக் கருவியால் வட்டமாக்கித் தருவார். மவுத்பீஸ் கருவியில் சிக்கிக்கொண்டால் இடுக்கி வேண்டாம், லீட்பைப் (ரிசீவரை அடுத்த குழாய்) முறுக்கிக்கொள்ளும், அதை இழுத்தெடுக்கும் கருவியான மவுத்பீஸ் புல்லர்தான்.