ரிவெட் அடித்த வளையக் கவசம்: ஏழு வருஷம் போட்ட அனுபவம்

இங்கிலாந்தில், 1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரை நடித்துக் காட்டும் குழு ஒன்றில் ஏழு வருஷமாக இருக்கிறேன். முதலில் வாங்கியது விலை மலிவான வளையக் கவசம், அதாவது இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டை. வளையத்தின் இரு முனையும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஆணி கிடையாது. இரண்டாவது மாதமே அக்குளில் ஓட்டை. கையைத் தூக்கி வீசும்போது அந்த இடம்தான் அதிகம் இழுபடும். பயிற்சி முடிந்ததும் புல்லில் சிதறியதைப் பொறுக்கி, குறட்டால் நெருக்கி மாட்டுவதே வேலையாகிப்போனது.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரிவெட் சட்டைக்கு மாறினேன். கம்பியின் முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, துளைபோட்டு, குட்டி ஆணியை இறக்கி நசுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் பக்கத்து நான்கு வளையங்களைக் கோத்திருக்கும். என்னுடையதில் ஒரு வரிசை ஆணி அடித்தது, அடுத்த வரிசை மூட்டே இல்லாத முழு வளையம். இதனால் ஆணி வேலை பாதி மிச்சம். 1943இல் நார்வேயின் யெர்முன்ட்பூவில் கிடைத்த வைக்கிங் கவசமும் இப்படி வரிசை மாற்றிப் பின்னியதுதான். ஆறு வருஷத்தில் எனக்கு விட்டுப்போனவை 11 வளையங்கள்.

எடை 11 கிலோ. பெல்ட் இல்லாவிட்டால் மொத்தமும் தோளில் தொங்கி, மதியத்துக்குள் கழுத்து கடுக்கும். சட்டையை இடுப்புக்கு மேல் சற்று தூக்கிவிட்டு, தோல் பெல்ட்டை இறுக்குங்கள். பாரத்தில் நல்ல பங்கு இடுப்புக்கு இறங்கிவிடும். கழற்றும்போது நன்றாகக் குனிந்து, கைகளைத் தரையை நோக்கி நீட்டி உலுக்கினால், தன் எடையிலேயே சரசரவென்று தலைவழியே வழுக்கி விழும். தலைக்குத் துணி கட்டாமல் செய்தால் முடியைப் பிய்த்துக்கொண்டு போகும். ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்தரிக்கும் பேயூ சித்திரச் சீலையில், சட்டைக் கைகளுக்குள் கழி செருகி, ஆளுக்கொரு முனையாக இருவர் கவசம் தூக்கிப்போவார்கள். நாங்களும் அப்படித்தான் கொண்டுபோகிறோம். அதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை.

வெட்டை இது தாங்கும், அடியைத் தாங்காது. ஒரு ஜூலை வெயிலில் உள்ளே பஞ்சு தைத்த தடித்த அங்கியை விட்டுவிட்டு, லினன் சட்டை மேலேயே போட்டேன். மழுங்கிய வாள்தான் தோளில் பட்டது. வளையங்களின் அச்சு அப்படியே கன்றி இரண்டு வாரம் இருந்தது. அங்கி இல்லாமல் கவசம் இல்லை.

வியர்வை பட்ட கழுத்தில்தான் துரு முதலில் வரும். உலர்ந்த மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவேன். இடைக்காலத்தவர் வழியும் இதுவே. பிறகு மெல்லிய எண்ணெய்ப்பூச்சு போதும், அதிகமானால் அங்கி கறுத்துவிடும்.

வாங்கும் முன் காலத்தை முடிவு செய்யுங்கள். ஹேஸ்டிங்ஸில் வென்ற நார்மன் படை வீரனுக்கு முழங்கால் வரை, குதிரையேற முன்னும் பின்னும் பிளவுள்ளது. 13ஆம் நூற்றாண்டென்றால் தலைமூடி, கையுறை, காலுறை வரை வளையம்தான். அடுத்த நூற்றாண்டில் தகடுகள் பெருகி, வளையம் மெல்ல மெல்லத் தகடு மூட முடியாத அக்குள், கழுத்து போன்ற இடங்களுக்கு ஒதுங்கியது.

என் சட்டையில் வலது அக்குளில் இன்னும் 3 வளையம் ஆணி அடிக்கக் காத்திருக்கிறது. அக்டோபருக்குள் முடிக்க வேண்டும்.