எஃகின் மேல் டைட்டானியம்: உருளையா, வெடியா?

தஞ்சாவூர்த் தட்டில் பித்தளை மேல் வெள்ளித் தகட்டைப் பதித்து ஓரத்தைத் தட்டித் தட்டி இறுக்குவார்கள், அது பிடிமானம்தான். அரிப்பைத் தாங்க எஃகின் மேல் டைட்டானியம் போர்த்தும் ரசாயன ஆலைக் கலனுக்கு அது போதாது, எஃகும் டைட்டானியமும் ஒரே உடம்பாக வேண்டும். சாதாரண வெல்டிங் போட்டால் என்ன என்று திருச்சிப் பட்டறைத் தம்பிகள் கேட்பார்கள். இரண்டும் உருகிக் கலந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் கலவைதான் வரும், தம்பி. அதனால் உருக்காமலே ஒட்ட வேண்டும், அதற்கு இரண்டு வழி: உருளை, வெடி.

உருளை முறையில் தகடுகளை அடுக்கி, சூடாக்கி, ரோலிங் மில்லில், அதாவது சுழலும் உருளைகளுக்கு நடுவே, நசுக்குகிறார்கள். சாதா எஃகில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மெல்லிசாக, நிறைய ஒட்ட இதுதான் மலிவு. டைட்டானியத்துக்கு அந்தச் சூடே வினை, அதே நொறுங்கும் படலம் எல்லையில் வந்துவிடும்.

வெடி முறை வேறு. மேல் தகட்டைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, மேலே அமோனியம் நைட்ரேட் கலந்த வெடிமருந்தைப் பரப்பி ஒரு முனையில் வெடிக்க வைத்தால், வெடிப்பு பெரும்பாலும் நொடிக்கு 2,000 மீட்டருக்கும் மேல் ஓட, மேல் தகடு சாய்வாக வந்து மோதி, மோதுமிடத்தில் பீறிடும் உலோகத் தாரை ஆக்சைடு அழுக்கை வழித்துக்கொண்டு போக, சுத்தமான இரண்டு முகங்களும் ஒன்றாகிவிடும். சூடு பரவ நேரமே இல்லை. வெட்டிப் பார்த்தால் எல்லை கோடையில் காவிரி மணலில் காற்று போட்ட வரி மாதிரி அலை அலையாக இருக்கும், எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கும்.

சரி, சத்தம்? உரிமம், ஒதுக்குப்புறமான இடம் எல்லாம் வேண்டும், வயலும் வீடும் நெருங்கிய டெல்டாவில் அது லேசில்லை. அப்படியும் டைட்டானியம் என்றால் நான் வெடிப் பக்கம்தான். கப்பலில் எஃகு உடம்போடு அலுமினிய மேற்கட்டுமானத்தை இணைக்கும் இடைத்துண்டுக்கும் அதுவே.